பிரேக்கா வீலா, எது மக்கர் பண்ணுது? ரோடு பைக் கோளாறை அறிகுறி வெச்சு கண்டுபிடிக்கிற வழி

பிரேக் உரசுதுன்னு தெரிஞ்ச உடனே கை நேரா பேரல் அட்ஜஸ்டருக்குத்தான் (பிரேக் ஒயரை டைட், லூஸ் பண்ற திருகு) போகும், எனக்கும் மூணு வருஷம் அப்படித்தான் போச்சு. ரெண்டு சுத்து லூஸ் பண்ணுவேன், உரசல் நிக்கும், அப்பாடான்னு கெளம்புவேன், அப்புறம் சென்னை மத்திய கைலாஷ் சிக்னல்ல பிரேக்கை அமுக்குனா லிவர் பார் வரைக்கும் வந்து நிக்கும், வயித்துல புளிய கரைக்கும். கடைசில பாத்தா பிரேக்ல ஒரு கோளாறும் இல்ல, பின் வீல்ல கோட்டம், அதாவது ரிம் நேரா இல்லாம பக்கவாட்டுல வளைஞ்சிருக்கு. கோணவீலுக்கு வழிவிடுறதுக்காக நல்லா இருந்த பிரேக்கை நானே கெடுத்து வெச்சிருக்கேன். இதுக்கு நேர் எதிராவும் நடக்கும், வீல் ஆடுதுன்னு கோன் (வீலோட நடுவுல இருக்க ஹப்புல பால்ஸை புடிச்சு வெக்கிற நட்டு) டைட் பண்ணிட்டே இருப்போம், ஆட்டம் ஹெட்செட்ல (ஹேண்டில்பார் திரும்புற எடத்து பேரிங்) இருக்கும். அதனால எந்த ஸ்க்ரூவையும் தொடுறதுக்கு முன்னாடி வீலை தூக்கி ஒரு சுத்து சுத்தவிட்டு பாருங்க, அவ்வளவுதான் நான் சொல்ல வர்றது, மீதி எல்லாம் அதுக்கு விளக்கம்.

இங்க சொல்றது ரிம் பிரேக் வெச்ச ரோடு பைக்குக்கு, அதாவது காலிப்பர் பிரேக் (ரிம்மை ரெண்டு பக்கமும் கவ்வுற இடுக்கி), 700சி வீல் (ரோடு பைக்கோட வழக்கமான வீல் சைஸ்), குயிக் ரிலீஸ் ஆக்ஸில் (லிவரை மடக்கி மூடி வீலை புடிக்கிற சாமான்). டிஸ்க் வெச்சிருக்கவங்களுக்கு பின்னாடி கொஞ்சம் இருக்கு. கையில வேண்டியது 4, 5 மிமீ ஆலன் கீ, கொஞ்சம் பனியன் வேஸ்ட், உப்புத்தாள் ஒரு துண்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு ஸ்போக் சாவி. இந்த ஸ்போக் சாவில மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மோட சேத்து இறுக்குற குட்டி நட்டு) 3.23, 3.30, 3.45 மிமீன்னு வேற வேற சைஸ்ல வரும், வட்டமா சுத்தி ஓட்டை போட்ட சாவி ஒண்ணு எல்லாத்துக்கும் சேரும்னு விப்பாங்க, எதுக்கும் சரியா சேராது, நாலு தடவை வழுக்கினா நிப்பிள் முனை மழுங்கி உருண்டையாயிடும், அதுக்கப்புறம் எந்த சாவி போட்டாலும் புடிக்காது.

பிரேக் கட்டை ரிம்ல உரசுது

முதல்ல எப்படி உரசுதுன்னு கேளுங்க. வீலை சுத்திவிட்டா நிக்காம ஒரே சீரா "ஸ்ஸ்ஸ்"னு கேட்டா அது ஒரு விஷயம், "ஸ்... ஸ்... ஸ்"னு சுத்துக்கு ஒரு தடவை கேட்டா அது வேற விஷயம்.

சீரா உரசுதுன்னா கட்டை ஒரு பக்கமா சாஞ்சிருக்கு, இல்ல வீல் ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்திருக்கு. பத்துல ஏழு எட்டு தடவை ரெண்டாவதுதான். பஞ்சர் ஒட்டிட்டு பைக்கை தலைகீழா கவுத்து வெச்சே வீலை மாட்டி குயிக் ரிலீஸை மூடியிருப்பீங்க, ஆக்ஸில் ஒரு பக்கம் முழுசா உக்காந்திருக்காது. பைக்கை நேரா தரையில நிறுத்தி, சீட்டு மேல லேசா எடை குடுத்து, குயிக் ரிலீஸை லூஸ் பண்ணி திரும்ப மூடுங்க. மூடும்போது லிவர் பாதி தூரம் வந்ததும் இறுக ஆரம்பிக்கணும், முழுசா மூடினா உள்ளங்கையில அச்சு விழணும். சில பேர் அதை றெக்கை நட்டு மாதிரி சுத்திச் சுத்தி டைட் பண்றாங்க, அது அப்படி இல்ல, அது மடக்கி மூடுற சாமான், சுத்தி மட்டும் வெச்சீங்கன்னா ஒரு நாள் வீல் தனியா கெளம்பிடும்.

வீல் சரியா உக்காந்தும் ஒரு பக்கம் உரசினா அப்பத்தான் காலிப்பர். லிவரை புடிச்சு ரெண்டு கட்டையும் ரிம்மை கவ்வின மாதிரி வெச்சுக்கிட்டு, காலிப்பருக்கு பின்னாடி ஃபோர்க்ல இருக்க 5 மிமீ போல்டை லூஸ் பண்ணி, அப்படியே புடிச்ச நிலையில டைட் பண்ணுங்க. 8லேருந்து 10 நியூட்டன் மீட்டர் டைட்டு போதும். அதுக்கப்புறமும் ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தா காலிப்பர் தோள்ல பொடி ஸ்க்ரூ ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுதான் நடுவுக்கு கொண்டுவர்ற ஸ்க்ரூ, கால் சுத்து கால் சுத்தா திருகுனா கட்டை ரெண்டும் சேந்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகரும்.

சுத்துக்கு ஒரு தடவை உரசினா கோட்டம், வேற எதுவும் இல்ல. குழில விழுந்திருப்பீங்க, இல்ல ஸ்போக் லூசாயிருக்கும். கோட்டம் எடுக்குறது பெரிய வித்தைன்னு நெனச்சு பயப்படுறாங்க, சின்ன கோட்டத்துக்கு ஸ்டாண்டு கூட வேணாம், பிரேக் கட்டையையே அளவுகோலா வெச்சுக்கலாம். பேரலை திருகி கட்டையை ரிம்முக்கு கிட்ட கொண்டுவாங்க, வீலை மெதுவா சுத்துங்க, எந்த இடத்துல எந்தப் பக்கம் தொடுதுன்னு சாக்பீஸ்ல குறிச்சுக்கோங்க. ஹப்போட வலது பக்கத்துலேருந்து வர்ற ஸ்போக்ஸ் ரிம்மை வலப்பக்கம் இழுக்கும், இடதுலேருந்து வர்றது இடப்பக்கம் இழுக்கும், கயிறு இழுக்குற போட்டி மாதிரி. ரிம் வலப்பக்கம் போயிருந்தா அந்த இடத்துல இருக்க இடப்பக்க ஸ்போக்கை கால் சுத்து டைட் பண்ணுங்க, பக்கத்துல வலப்பக்க ஸ்போக்கை கால் சுத்து லூஸ் பண்ணுங்க, சுத்திப் பாருங்க. அவ்வளவுதான், ஆனா கால் சுத்துக்கு மேல ஒரே தடவைல போகாதீங்க, முதல் தடவை நான் முழு சுத்து திருகி வீலை அப்பளம் மாதிரி ஆக்கி, கடைசில கடைக்கு தூக்கிட்டு போனேன், கடைக்காரர் ஒண்ணும் கேக்கல, சிரிச்சார், அதான் வலிச்சுது.

டைட் எந்தப் பக்கம்னு எல்லாருக்கும் குழம்பும். டயர் பக்கத்துலேருந்து ஸ்க்ரூட்ரைவர் விட்டு நிப்பிளை திருகுற மாதிரி மனசுல நெனச்சுக்கோங்க, அங்கேருந்து பாத்தா கடிகார முள்ளு சுத்துற பக்கம்தான் டைட். ஹப் பக்கத்துலேருந்து பாத்தீங்கன்னா அப்படியே தலைகீழ். பின் வீல்ல செயின் இருக்க பக்கம் ஸ்போக்ஸ் ரொம்ப டைட்டாவும் மறுபக்கம் கொஞ்சம் லூசாவும் இருக்கும், கேசட்டுக்கு (பின் கியர் சக்கரங்க) இடம் விடணும்ங்கறதுக்காக அப்படி கட்டுறது, அதை கோளாறுன்னு நெனச்சு சமப்படுத்தப் போகாதீங்க.

இன்னொரு ரகம் இருக்கு, சும்மா சுத்தினா உரசாது, மேட்டுல எழுந்து நின்னு மிதிக்கும்போது மட்டும் உரசும். லேசா உரசினா வீல் வளையுது அவ்வளவுதான், விட்டுடுங்க. பலமா உரசினா ஸ்போக்ஸ் மொத்தமா தளர்ந்திருக்கு இல்ல ஹப் ஆடுது.

லிவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்துடுது

காலிப்பர் பக்கவாட்டுல வீல் கழட்டுறதுக்காக ஒரு குட்டி லிவர் இருக்கும், அது திறந்தே கெடக்கான்னு பாருங்க. சிரிக்காதீங்க, பஞ்சர் போட்டுட்டு அதை மூட மறக்காத ஆளை நான் பாத்ததில்ல. அது மூடித்தான் இருக்குன்னா கட்டை தேஞ்சிருக்கும், கட்டைல வெட்டு கோடு இருக்கும், அந்தக் கோடு மறைஞ்சுட்டா மாத்துங்க. கட்டையும் நல்லா இருந்தா ஒயர் வழுக்கியிருக்கும். பேரலை வெளிய வர்ற மாதிரி திருகினா கட்டை ரிம்முக்கு கிட்ட வரும், ஆனா பாதிக்கு மேல வெளிய வந்துட்டா அதை முழுசா உள்ள விட்டுட்டு, ஒயர் புடிக்கிற 5 மிமீ போல்டை லூஸ் பண்ணி ஒயரையே இழுத்து கட்டுங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணரை ரெண்டு மிமீ இடைவெளி போதும்.

இதெல்லாம் சரியா இருந்தும் லிவர் பஞ்சு மாதிரி அமுங்குதுன்னா அவுட்டரை, அதாவது ஒயருக்கு மேல இருக்க உறையை பாருங்க. முனையை கட்டிங் பிளையர்ல நசுக்கி வெட்டியிருந்தா அது ஒவ்வொரு அமுக்குக்கும் ஸ்பிரிங் மாதிரி சுருங்கும், நேரா வெட்டி அரத்துல தேச்சு கேப் போட்டா சரியாயிடும்.

இங்கதான் ஒரு முக்கியமான சமாச்சாரம். கியர் அவுட்டரை பிரேக்குக்கு போடவே கூடாது. பிரேக் அவுட்டர் 5 மிமீ, உள்ள கம்பி சுருளா சுத்தியிருக்கும், எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். கியர் அவுட்டர் 4 மிமீ, கம்பிங்க நீளவாக்குல சும்மா நிக்கும், அதை சேத்து புடிக்கிறது வெறும் பிளாஸ்டிக்தான், பலமா பிரேக் போட்டா அது பிளந்துக்கும். நான் செகண்ட்ஹேண்ட்ல வாங்கின பைக்ல பின் பிரேக்குக்கு யாரோ கியர் அவுட்டர் போட்டு வெச்சிருந்தது எனக்கு தெரியாது, ஏலகிரில 14 கொண்டை ஊசி வளைவுல பாதி எறங்கும்போது "டப்"னு ஒரு சத்தம், லிவர் காத்துல ஆடுது. முன் பிரேக்கை மட்டும் வெச்சு, பாதி தூரம் எறங்கி தள்ளிக்கிட்டு, ஒரு வழியா அடிவாரம் வந்தேன். செகண்ட்ஹேண்ட் பைக் வாங்குனா மொத வேலையா அவுட்டர் தடிமனை பாருங்க.

அதே மாதிரி இன்னர் ஒயரோட தலையும். ரோடு லிவருக்கு பேரிக்கா மாதிரி சின்ன தலை, சாதா சைக்கிளுக்கும் எம்டிபிக்கும் (மலை சைக்கிள்) உருளை மாதிரி தலை. ரோடு ஒயர் இல்லன்னு உருளையை அரத்துல ராவி நுழைச்சு விடுவாங்க, அது கோணலா உக்காந்து அந்த எடத்துலயே இழை இழையா அறுந்துட்டு வரும், ஹுட்டுக்கு (லிவர் மேல இருக்க ரப்பர் பிடி) உள்ள இருக்கறதால கண்ணுக்கும் தெரியாது.

லிவரை விட்டா திரும்பி வரல, இல்ல கட்டை கவ்வினது விடல

கடலோரத்துல ஓட்டுறவங்களுக்கு இது வரும், ஈசிஆர்ல மகாபலிபுரம் போய்ட்டு வந்து பைக்கை துடைக்காம சாத்தி வெச்சா உப்புக்காத்து ஒயரை தின்னுடும். காலிப்பர்லேருந்து ஒயரை கழட்டிட்டு ரெண்டையும் தனித்தனியா சோதிங்க. கையால காலிப்பரை அமுக்கி விட்டா டக்குனு விரிஞ்சா கோளாறு ஒயர்ல, விரியலன்னா காலிப்பர் பிவட்ல (அது திரும்புற அச்சு) அழுக்கு. ஒயர்னா இன்னர் அவுட்டர் ரெண்டையும் மாத்துங்க, எண்ணெய் விட்டு ஓட்டுறது ரெண்டு வாரத்துக்குத்தான். பிவட்னா கழுவி ஒரு சொட்டு எண்ணெய், மிச்சத்தை துடைச்சிடுங்க, கட்டை மேல சொட்டுச்சுன்னா அடுத்த தலைப்புக்கு போகவேண்டியிருக்கும்.

லிவர் கெட்டியா இருக்கு, ஆனா பைக் நிக்க மாட்டேங்குது

எண்ணெய்தான் முதல் சந்தேகம். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது பின் ரிம்ல பட்டுடும். டபிள்யூ டி 40 அடிச்சு ரிம்மை பளபளன்னு துடைச்சேன்னு சொன்ன தம்பி ஒருத்தனை எனக்கு தெரியும், பளபளப்பு சூப்பர், பிரேக்தான் இல்ல. ரிம்மை ஆல்கஹால் தொட்டு துணி கருப்பா வர்றது நிக்கிற வரைக்கும் துடைங்க, கட்டை முகத்தை உப்புத்தாள்ல லேசா தேச்சு மினுமினுப்பை எடுங்க.

அப்புறமும் புடிக்கலன்னா கட்டை பழசாகி கல்லு மாதிரி இறுகியிருக்கும், நகத்தால அழுத்தினா கொஞ்சமாவது பள்ளம் விழணும். விலை கம்மி பைக்ல வர்ற காலிப்பர் மோசம்னு திட்டுறதுக்கு முன்னாடி கட்டையை மட்டும் மாத்தி பாருங்க, ஷிமானோ ஆர்55சி4 மாதிரி நல்ல கட்டை போட்டா அதே காலிப்பர் வேற பிரேக் மாதிரி புடிக்கும். மழைல நெறைய ஓட்டுறவங்க கூல் ஸ்டாப்போட சால்மன் நிற கட்டைதான் போடுவாங்க. கார்பன் ரிம்முக்கு அதுக்குன்னு வர்ற கட்டை மட்டும்தான், அலுமினியத்துக்கு போட்டதை தூக்கி மாட்டாதீங்க.

கட்டை மாத்தும்போது ஒண்ணு கவனிங்க. கட்டையை தள்ளி சொருகுற மாதிரி ஹோல்டர் இருந்தா அதுல ஒரு முனை மூடியும் ஒரு முனை திறந்தும் இருக்கும், மூடின முனை பைக் போற திசையை பாத்து இருக்கணும். ரிம் மேல்பக்கம் முன்னாடி ஓடுது இல்லையா, மாத்தி மாட்டினா பலமா பிரேக் போடும்போது கட்டை அப்படியே வழுக்கி வெளிய ஓடிடும். உயரத்தையும் பாருங்க, கட்டை டயரை தொட்டா ஓரத்தை அறுக்கும், ரிம்முக்கு கீழ எறங்கினா கட்டைலயே உதடு மாதிரி ஒண்ணு வளந்துடும்.

நம்ம ஊர்ல வலது கைதான் முன் பிரேக்னு பழக்கம், ஆனா வெளிநாட்டுலேருந்து வந்த சில பைக்ல இடது கைக்கு முன் பிரேக் இருக்கும். பிரேக் புடிக்கலன்னு சொன்ன ஒருத்தர் பின் பிரேக்கையே முன்னுன்னு நெனச்சு அமுக்கிட்டு இருந்தார், பின் பிரேக் அவ்வளவுதான் நிறுத்தும், எடை முன்னாடி சாயுறதால நிறுத்துற வேலைல பெரும்பங்கு முன்னோடது.

பிரேக் புடிச்சா கீச்சுன்னு கத்துது

தெருவே திரும்பி பாக்கும். துடைச்சும் தேச்சும் கத்தினா கட்டையோட முன்முனை ரிம்மை முதல்ல தொடுற மாதிரி லேசா சாய்ச்சு வைக்கணும். கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவுல, பின்முனை பக்கமா விசிட்டிங் கார்டை மடிச்சு சொருகி, லிவரை புடிச்சுக்கிட்டு கட்டையோட 4 மிமீ போல்டை டைட் பண்ணி, கார்டை எடுத்துடுங்க. அரை மிமீ, ஒரு மிமீ சாய்வு போதும்.

கீச்சு இல்ல கரகரன்னு அரைக்குதுன்னா உடனே நிறுத்துங்க, கட்டைக்குள்ள அலுமினிய துணுக்கு இல்ல மண்ணு பதிஞ்சிருக்கு. குண்டூசியால நோண்டி எடுங்க, விட்டீங்கன்னா கடைசல் மெஷின் மாதிரி ரிம்மை செதுக்கிட்டே இருக்கும். மழை ரைடு முடிஞ்சா இதை பாக்குறது எனக்கு பழக்கமாயிடுச்சு.

முன் பிரேக் புடிச்சா தடதடன்னு அதிருது

சுத்துக்கு ஒரு தடவை தட்டினா ரிம் ஜாயிண்ட் தூக்கியிருக்கு, இல்ல குழில அடிபட்டு ரிம் ஓரம் பிதுங்கியிருக்கு, விரலை ரிம் பக்கவாட்டுல ஓட்டினாலே தட்டுப்படும். சுத்தோட சம்பந்தம் இல்லாம முன்னாடி பின்னாடி ஆடினா ஹெட்செட். முன் பிரேக்கை புடிச்சுக்கிட்டு பைக்கை முன்னும் பின்னும் ஆட்டுங்க, இன்னொரு கை விரலை ஃபோர்க்கும் ஃபிரேமும் சேர்ற எடத்துல வைங்க, அங்க டக்டக்னு தட்டுதா? ஸ்டெம்மோட (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோட சேக்குற துண்டு) பக்க போல்டு ரெண்டையும் லூஸ் பண்ணி, மேல்மூடி போல்டை கொஞ்சம் டைட் பண்ணி, அப்புறம் பக்க போல்டை டைட் பண்ணுங்க. பக்க போல்டை லூஸ் பண்ணாம மேல்மூடியை எவ்வளவு முறுக்கினாலும் ஒண்ணும் நடக்காது.

வீலே பக்கவாட்டுல ஆடுது

ரிம்மை புடிச்சு பக்கவாட்டுல ஆட்டி, டக்னு தட்டினா ஹப்புல ஆட்டம். கோனும் பால்ஸும் வெச்ச ஹப்னா முன்னாடி 13, பின்னாடி 15 மிமீ மெல்லிசு கோன் ஸ்பேனர் பெரும்பாலும் சேரும், வெளி நட்டுக்கு 17. குயிக் ரிலீஸ் மூடும்போது ஆக்ஸில் லேசா அமுங்கும், அதனால கையில வெச்சு பாக்கும்போது ஒரு துளி ஆட்டம் விட்டே டைட் பண்ணணும், மாட்டி மூடினதும் அது காணாம போயிடும். கையிலயே ஆட்டமில்லாம டைட் பண்ணா மாட்டினதும் இறுகி கோன்ல குழி விழும். ஏற்கனவே குழி விழுந்திருந்தா கிரீஸ் வெச்சு பிரயோஜனம் இல்ல, கோனை மாத்துங்க. பேரிங் வெச்ச ஹப்னா பேரிங் மேலயே நம்பர் இருக்கும், அந்த நம்பரை சொன்னா வண்டி பேரிங் கடைலயே கெடைக்கும்.

"டிங்"னு சத்தம் வந்து வீல் கோணுது

ஸ்போக் போச்சு. பெரும்பாலும் பின் வீல்ல, செயின் பக்கம், ஹப் கிட்ட வளைஞ்ச எடத்துலதான் அறும். அறுந்ததை பக்கத்து ஸ்போக்ல சுத்தி விட்டுட்டு, காலிப்பர் குட்டி லிவரை திறந்து, எதிர்ப்பக்கம் ரெண்டு ஸ்போக்கை அரை சுத்து லூஸ் பண்ணா வீடு வரைக்கும் ஓடும். ஒண்ணு போட்டா இன்னொண்ணு, அது போட்டா அடுத்ததுன்னு வரிசையா அறுந்தா ஸ்போக் கம்பி மோசம்னு எல்லாரும் சொல்லுவாங்க, அதைவிட வீல் லூசா கட்டியிருக்குங்கறதுதான் சரி, லூசான ஸ்போக் ஒவ்வொரு சுத்துக்கும் தளர்ந்து இறுகி தளர்ந்து இறுகி சோர்ந்து அறுது. மொத்தமா டென்ஷன் ஏத்தச் சொல்லுங்க.

ஒரே எடத்துல பஞ்சர்

டயர் மாட்டும்போது டயர்ல எழுதிருக்க பேரு வால்வுக்கு நேரா வர்ற மாதிரி வைங்க, டியூப்ல ஓட்டை எங்க இருக்கோ டயர்ல அதுக்கு நேரா தேடலாம். லாரி டயர்லேருந்து உதிர்ற மயிர் மாதிரி கம்பி இருக்கே, கண்ணுக்கு தெரியாது, உள்பக்கம் பஞ்சை தடவினா மாட்டும். பாம்பு கடிச்ச மாதிரி பக்கம் பக்கமா ரெண்டு ஓட்டைன்னா காத்து கம்மியா ஓட்டி குழில விட்டிருக்கீங்க, 25 மிமீ டயருக்கு ஆள் எடையை பொறுத்து 80லேருந்து 95 பிஎஸ்ஐ வைங்க. ஓட்டை டியூப்போட உள்பக்கம், ரிம்மை பாத்த பக்கம்னா ரிம் டேப் நகர்ந்து ஸ்போக் ஓட்டை தெரியுது. மலை எறங்கும்போது ஒட்டு விட்டுக்குதுன்னா ரிம் சூடு, கொல்லிமலை 70 வளைவையும் பிரேக்கை தேச்சுக்கிட்டே எறங்காதீங்க, வளைவுக்கு முன்னாடி அழுத்தமா புடிச்சு விட்டுடுங்க, ரிம்முக்கு ஆற நேரம் கெடைக்கும்.

டிஸ்க்னா

உரசினா முதல்ல ஆக்ஸிலை கழட்டி மாட்டுங்க, அப்புறம் காலிப்பரோட ரெண்டு போல்டை லூஸ் பண்ணி, லிவரை புடிச்சுக்கிட்டே டைட் பண்ணுங்க. சுத்துக்கு ஒரு தடவை உரசினா ரோட்டர் (டிஸ்க் தகடு) வளைஞ்சிருக்கு. ரோட்டர்ல வெறுங்கை படக்கூடாது. ஹைட்ராலிக்னா வீல் இல்லாம லிவரை அமுக்காதீங்க, பிஸ்டன் வெளிய வந்து ஒட்டிக்கும், அதேபோல ஷிமானோவுக்கு மினரல் ஆயில்தான், டாட் திரவம் (இன்னொரு ரக பிரேக் ஆயில்) ஊத்தினா சீல் எல்லாம் ஊதி நாசமாயிடும்.

எதுவும் தப்பா தெரியல, ஆனா ரிம் குழிஞ்ச மாதிரி இருக்கு

ரிம் பக்கவாட்டுல ஒரு கோடோ சின்ன பள்ளமோ இருக்கும், அது தேஞ்சு மறைஞ்சிருந்தா ரிம்மோட ஆயுசு முடிஞ்சுது. கோடு இல்லாத ரிம்னா ஸ்கேலை குறுக்க வெச்சு பாருங்க, நடுவுல வெளிச்சம் நல்லா தெரிஞ்சா சுவர் மெலிஞ்சிருக்கு, டயர்ல இருக்க காத்தோட அழுத்தமே ஒரு நாள் அதை பிளந்துடும், கோட்டம் எடுத்தோ கட்டை மாத்தியோ அதை காப்பாத்த முடியாது. என்னோட பின் ரிம் போன வருஷம் அப்படித்தான் போச்சு, ஹப்பை வெச்சுக்கிட்டு ரிம்மையும் ஸ்போக்ஸையும் புதுசா போட்டேன், பழைய ரிம்ல அம்மா அவரைக்கொடி ஏத்தியிருக்காங்க.